கடிபட்ட பயிரின் வாசனை

வைகாசி மாதத்து மத்தியானத்தில், அரியலூரில் ஒரு காங்கிரீட் வீட்டின் படுக்கையறைக்குள் மக்காச்சோளக் கொல்லையின் வாசனை வருவதற்கு எந்த நியாயமும் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் சோளத்தட்டையை அறுத்து, மாட்டுக்குப் போட்டு, மாடே அதை மறந்து மாசக்கணக்காகிறது. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோடு. அது இந்த வீட்டுக்குக் கொடுப்பதெல்லாம் வெள்ளைத் தூசியும் டீசல் நெடியும்தான். இருந்தும், இரண்டு மணி வெயிலில், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்த மணிமொழியின் மூக்கில் அந்த வாசனை ஏறியது. பச்சைப் புல்லை அப்போதுதான் அறுத்த மாதிரி ஒரு கார நெடி, அதற்குப் பின்னால் லேசாக ஒரு தித்திப்பு.

வேறு யாராக இருந்தாலும் பக்கத்து வீட்டில் ஏதோ அறுக்கிறார்கள் என்று திரும்பிப் படுத்திருப்பார்கள். மணிமொழியால் அது முடியாது. பதினோரு வருஷமாக அவள் சாப்பிட்ட சோறே இந்த வாசனை போட்ட சோறுதான்.

செட்டிகுளம் பக்கத்துச் சோளக் கொல்லைகளில் அவளை 'குளவி டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். பூச்சிக்கும் பயிருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னால் யாருக்குப் புரியும்? வாசனையைப் பிடித்து அடைக்கிற கண்ணாடிக் குழாயைப் பயிரின் மேல் கவிழ்த்துக்கொண்டு வெயிலில் குத்தவைத்திருப்பவளைப் பார்த்து, "டீச்சரு, இன்னிக்குச் சோளம் என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். கேலிதான். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

ஏனென்றால் சோளம் சொல்லத்தான் செய்தது. பயிரை பிளேடால் கீறினால் சும்மா கொஞ்சம் புல் வாசனை வரும், அடங்கிவிடும். படைப்புழு குருத்துக்குள் இறங்கிக் கடித்து, அதன் எச்சில் காயத்தில் பட்டால்தான் அந்தத் தித்திப்பு சேரும். அது பயிர் போடுகிற கூப்பாடு. என்னை உள்ளேயிருந்து ஒன்று தின்கிறது, வாருங்கள் என்று. மண்குளவிக்கு அது எட்டும். குளவி வந்து குருத்தைத் தட்டிப் பார்க்கும், புழுவை வெளியே இழுக்கும், ஒரே கொட்டு. புழு சாகாது. கை கால் அசையாது, அவ்வளவுதான். அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மண்கூட்டில் அடைத்துக் கூட்டின் வாயைப் பூசிவிடும். பயிருக்கு நிம்மதி, குளவிக்குஞ்சுக்குச் சாப்பாடு.

மணிமொழி படுத்தபடியே தலையை மட்டும் உயர்த்தி அறையைப் பார்த்தாள். எழுந்து பார்க்கும் சுதந்திரம் அவளுக்கு இல்லை. ஏழு வருஷம், மூன்று ஊர் ஆஸ்பத்திரி, இரண்டு கருச்சிதைவு. அதற்கப்புறம் தங்கியிருக்கிற கரு இது. ஐந்தாவது மாதம். கர்ப்பப்பையின் வாயைத் தைத்து, குழந்தை கைக்கு வரும்வரை படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லி ஒன்றரை மாதமாகிறது. பாத்ரூமுக்கு மட்டும் அனுமதி. இந்தக் குழந்தைக்காக அவள் தலைகீழாகத் தொங்கச் சொன்னாலும் தொங்கியிருப்பாள்.

அறையில் பச்சையாக ஒன்றும் இல்லை. பீரோ, துணி மடிக்கிற நாற்காலி, தண்ணீர் பாட்டில். பீரோவுக்கு மேலே சுவரில் அந்தக் கூடு.

அது தை மாதத்தில் வந்தது. உருண்டையாக, மாம்பிஞ்சு அளவில், நான்கு அறை. இந்த ஊர் மண்ணுக்குரிய வெளுத்த நிறம். ஒட்டடை அடிக்கப்போன மணிமொழியின் கையை மாமியார் கலியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"கைய வெக்காத. குளவி கூடு கட்டுனா அந்த வூட்ல தொட்டில் கட்டலாம்னு அர்த்தம். உருண்டையா இருக்கு பாரு, பொண்ணுதான்."

குளவியின் ஜாதகத்தையே எழுதி வைத்திருக்கிற மணிமொழி இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. ஏழு வருஷம் காத்திருந்தவளுக்குப் படிப்பின் கர்வமெல்லாம் அந்த ஒரு இடத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டது. ஒட்டடைக் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். மாசியில் நாள் தள்ளிப்போனது. அதற்கப்புறம் அந்தக் கூட்டுக்குக் கலியம்மாள் தினமும் கும்பிடு போட ஆரம்பித்தாள்.

"அத்தை, ஏதாச்சும் வாசம் அடிக்குதா இங்க?"

கஞ்சி டம்ளரோடு வந்த கலியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணும் இல்லியே கண்ணு. மாசமா இருக்கறப்ப இல்லாத வாசமெல்லாம் வரும். எனக்கு அறிவழகன் வயித்துல இருக்கறப்ப மண்ணெண்ணெய் வாசம்."

சிமென்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த அறிவழகனுக்கும் எதுவும் தெரியவில்லை. பாவம், தலைமுடியிலிருந்து செருப்பு வரை தூசியாக வருகிற மனிதனுக்கு என்ன தெரியும்? மணிமொழி விட்டுவிட்டாள். வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. போன வாரம்தான் உதைக்கப் பழகியிருந்தது. ஒவ்வொரு உதைக்கும் அவளுக்குக் கண் கலங்கியது.

நான்காம் நாள் வேணி வந்தாள். செட்டிகுளத்துக்காரி, கொல்லையில் மணிமொழியோடு ஐந்து வருஷமாகக் குழாய் பிடிப்பவள், பயிரை மோந்து பார்த்தே எந்தக் குருத்தில் புழு இருக்கிறது என்று சொல்லக்கூடியவள். ஒரு பை நிறையச் சின்ன வெங்காயத்தைக் கலியம்மாளிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் நுழைந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, சாம்பிள எல்லாம் வூட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா?"

மணிமொழி தலையை உயர்த்தினாள். "ஏன்?"

"புழு விழுந்த கொல்லையாட்டம் அடிக்குதே."

வேணி பீரோவை மோந்தாள். ஜன்னலோரம் போனாள். திரும்பி வந்து கட்டிலுக்கருகே குனிந்தாள். குனிந்தவள் அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் வந்தபோது இருந்த சிரிப்பு இல்லை.

"உங்க மேலதாங்க்கா அடிக்குது," என்றாள். பிறகு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவள் மாதிரி, "சோப்பு ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்று கேட்டாள். பஸ் இருக்கிறது என்று சீக்கிரமே கிளம்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் முதல் குளவி வந்தது.

மெலிந்த இடுப்பும் மஞ்சள் காலும் கொண்ட மண்குளவி. திறந்த ஜன்னல் வழியாக நுழைந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றியது. கூட்டுக்குத்தான் போகும் என்று மணிமொழி பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டின் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு வாயிலும் தலையை நுழைத்துப் பார்த்தது, வீடு வாடகைக்குப் பார்க்கிறவர்கள் மாதிரி. பிறகு இறங்கியது. கட்டில் விளிம்பு. போர்வை. அவள் வயிற்றின் மேட்டில் ஏறி நின்று, இரண்டு உணர்கொம்புகளாலும் மெதுவாகத் தட்டியது. தட்டி, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி தட்டியது. குருத்தில் புழுவைத் தேடும்போது செய்கிற அதே வேலை. ஆயிரம் தடவை பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறாள்.

உள்ளே குழந்தை உதைத்தது. குளவி தட்டுவதை நிறுத்தியது. அந்த இடத்துக்கே வந்து நின்றது.

அப்போது புரிந்தது மணிமொழிக்கு. மெதுவாக, ஒரு கணக்கு தானாகவே விடைக்கு வந்து சேர்கிற மாதிரி. பயிர் தன்னைத் தின்கிறதைப் பற்றித்தான் கூப்பாடு போடும். அவள் பயிர். அவளுக்குள் இருந்துகொண்டு அவள் ரத்தத்தையும் எலும்புச் சுண்ணாம்பையும் எடுத்து வளர்கிற ஒன்று இருக்கிறது. அவள் மனசு அதை மகள் என்கிறது. உடம்புக்கு மனசு சொல்வது கேட்கவில்லை. உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளேயிருந்து ஒன்று தின்கிறது என்பதுதான். அது உதவிக்கு ஆள் கூப்பிடுகிறது.

அவளுக்குத் தெரியாமல், அவளைக் கேட்காமல், அவள் தோல் முழுக்கக் கூப்பிடுகிறது. நிறுத்தச் சொல்லி யாரிடம் சொல்வது?

போர்வையை உதறினாள். குளவி போனது. மறுநாள் மூன்று வந்தன. அதற்கு மறுநாள் அவள் எண்ணவில்லை. மூன்று வேளை குளித்தாள், டாக்டரம்மா திட்டுவாள் என்று தெரிந்தே. சந்தனம் பூசினாள். வேப்பிலையைப் படுக்கையில் பரப்பச் சொன்னாள். தித்திப்பு எல்லாவற்றையும் தாண்டி மேலே வந்தது.

அறிவழகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். அந்தப் பொறுமைதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

"மணி, நீ படிச்ச படிப்பு உன்ன இப்புடி யோசிக்க வெக்குது. புழுவையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, நம்ம புள்ளைய அதோட சேத்துப் பேசுறியா?"

"நான் பேசலங்க. நெட் அடிங்க ஜன்னலுக்கு. அந்தக் கூட்ட எடுத்துருங்க. எனக்காக."

"அம்மா கத்தும்."

"கத்தட்டும்."

மறுநாள் கலியம்மாள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் அவன் ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்க்ரூடிரைவரால் கூட்டைப் பெயர்த்தான். அது இரண்டாகப் பிளந்து பீரோ மேல் விழுந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். நான்கு அறையிலும் ஒன்றும் இல்லை. புழுத் தோல் இல்லை, குஞ்சு வெளியேறிய ஓட்டை இல்லை, ஒரு கால் துண்டுகூட இல்லை. வாய் திறந்தபடி, உள்ளே சுத்தமாக மெழுகிய நான்கு காலி அறைகள். ஐந்து மாதமாக அப்படியே.

"பாத்தியா? ஒண்ணுமில்ல," என்றான் அவன், நல்ல சேதி சொல்கிறவன் குரலில். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, நான்கு பக்கமும் பட்டை ஒட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனான்.

கூடு கட்டி வைத்துவிட்டு எதற்காக ஐந்து மாதம் காத்திருந்தன? மணிமொழி அந்தக் கேள்வியோடு படுத்துக் கிடந்தாள். சுவரில் கூடு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம்.

கலியம்மாள் வந்து அந்தத் தடத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "அது குடுத்த புள்ளைம்மா இது. அது வூட்டப் போயி இடிக்கலாமா?" வலைக்கு வெளியே குளவிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பத்து, பதினைந்து இருக்கும். வலைக் கம்பியில் அவற்றின் கால்கள் ஊரும் சத்தம், அரிசியை முறத்தில் யாரோ சின்னதாகத் தள்ளுகிற மாதிரி, ராத்திரி விளக்கணைக்கும்வரை கேட்டது.

மறுநாள் மத்தியானம் மணிமொழி கண்ணயர்ந்தாள். ஒரு வாரத்துத் தூக்கம் அது. தலைக்கு மேலே மின்விசிறி லொடலொடவென்று சுற்றியது, வெளியே லாரிகள் போயின, சமையலறையில் தாளிப்பு சத்தம் கேட்டது, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து அவளைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. விழிப்பு வந்தது சத்தத்தால் அல்ல. சத்தம் நின்றதால்.

கரண்ட் போயிருந்தது.

மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது. அறையில் வேறொரு சத்தம் இருந்தது. மெல்லிய ரீங்காரம். ஜன்னலைப் பார்த்தாள். வலையின் கீழ்மூலை பிரித்து மடித்துவிடப்பட்டிருந்தது. கை அகலத்துக்கு. அழகாக, கவனமாக. அத்தை.

"அத்தை!"

"இருக்கட்டும் கண்ணு," என்று கதவுக்கு வெளியேயிருந்து கலியம்மாளின் குரல் வந்தது. கெஞ்சுகிற குரல். "கூட்டை இடிச்ச பாவம் போதும். வாசலையும் அடைக்கணுமா? ஒண்ணும் பண்ணாது. அது நம்ம வூட்டுக் குளவி."

வயிற்றின் மேல் ஐந்து உட்கார்ந்திருந்தன.

எழ முடியாது. வேகமாகப் புரண்டால் தையல். கத்தினால் வயிறு இறுகும். இறுகினால் தையல். அடித்தால் கொட்டும். ஐந்தும் கொட்டும்.

ஒன்று தட்டியது. நகர்ந்தது. தட்டியது.

அசையாதே, என்று மகளிடம் சொன்னாள். வாய்க்குள்ளேயே. தங்கம், அசையாதே. கொஞ்ச நேரம். அம்மா சொல்றேன்ல.

குழந்தை உதைத்தது.

நைட்டித் துணி லேசாக எழும்பித் தாழ்ந்தது. ஐந்தும் அங்கே திரும்பின. பெரியது ஒன்று அந்த இடத்தில் காலை ஊன்றியது. உடம்பை வளைத்தது. எறும்பு கடித்த அளவுகூட வலி இல்லை. ஒரு குளிர்ச்சி. தோலுக்குக் கீழே இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. அதற்கு அவள் போதவில்லை போல, அவளைத் தாண்டிப் போனது.

குழந்தை இன்னொரு முறை உதைத்தது. பாதி உதை.

அதற்குப் பிறகு இல்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காரின் பின்சீட்டில் படுத்தபடி அவள் வயிற்றில் கையை வைத்து ஓர் உதைக்காகக் காத்துக்கொண்டே வந்தாள். ஸ்கேன் அறை ஜில்லென்று இருந்தது. டாக்டரம்மா ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து, ஒலியைக் கூட்டினாள். குதிரை ஓடுகிற மாதிரி டக்டக் டக்டக் என்று அறை நிறைந்தது. அறிவழகன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"நூத்தி நாப்பத்தாறு. ஜம்முனு இருக்கு," என்றாள் டாக்டரம்மா. "எதுக்கு இப்புடி பயந்துட்டு வந்தீங்க?"

"அசையலையே டாக்டர்."

"தூங்குதும்மா. இந்த மாசத்துல எல்லா நாளும் அசைவு தெரியணும்னு இல்ல."

"குளவி கொட்டிருச்சு. வயித்துல."

டாக்டரம்மா விளக்கை வைத்து வயிற்றைப் பார்த்தாள். வீக்கமோ சிவப்போ தடமோ எதுவும் இல்லை. தோளைத் தட்டி, நாளைக்கும் வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

மணிமொழி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் நெஞ்சோடு மடங்கியிருந்தன. கால்கள் மடங்கியிருந்தன. டாக்டரம்மா கருவியால் இந்தப் பக்கம் அழுத்தினாள், அந்தப் பக்கம் தட்டினாள். ஒரு விரல்கூட விலகவில்லை. நடுவில் அந்தத் துடிப்பு மட்டும், விடாமல். கூட்டுக்குள்ளிருந்து எடுத்த புழுவை நுண்ணோக்கியில் வைத்தால் இப்படித்தான் இருக்கும். எல்லாம் அடங்கிக் கிடக்கும். முதுகின் மேல் ஒரு கோடு மட்டும், புழுவின் இதயம் அது, துடித்துக்கொண்டேயிருக்கும். எல்லாவற்றையும் உணரும் என்று அவளுடைய கருவிகள் சொல்லியிருக்கின்றன.

மறுநாளும் போனார்கள். டக்டக். அதற்கு மறுநாளும். தூங்குகிறது, தூங்குகிறது என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அறிவழகன் தொட்டில் கம்பி வாங்கிவந்தான். அவன் அதை மாட்டி ஆட்டிக் காட்டியபோது அவள் சிரித்தாள், அழுதால் வயிறு இறுகும் என்பதால்.

நான்காம் நாள் மத்தியானம். அறிவழகன் ஷிப்டில் இருந்தான். வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அந்தத் தித்திப்பு வாசனை இப்போது அறையில் இல்லை. சுத்தமாக இல்லை. அவள் உடம்பு கூப்பிடுவதை நிறுத்தியிருந்தது. காப்பாற்றப்பட்ட பயிர் எதற்குக் கூப்பிடும்?

யாரும் திரும்ப ஒட்டாத வலை மூலை வழியாக ஒரு குளவி உள்ளே வந்தது. பறப்பதில் ஒரு கனம் இருந்தது. வாயில் மிளகளவு ஈர மண் உருண்டை.

வயிற்றின் மேல் இறங்கியது. நைட்டியின் மேல் அங்கும் இங்கும் நடந்து, தொப்புள் இருக்கும் இடத்தில் நின்றது.

மணிமொழி கையை ஓங்கினாள். ஒரே அடி. அடித்துவிடலாம். எழுந்து ஓடலாம். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுக்கச் சொல்லிக் கத்தலாம்.

கை ஓங்கியபடியே நின்றது.

கொட்டுப்பட்ட புழுவைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்தால் என்ன ஆகும் என்று அவள்தான் சோதித்துப் பார்த்தவள். இரண்டு வருஷம், நூற்றுக்கணக்கில். திறந்த கூட்டில் நான்கு நாள், ஐந்து நாள். சுருங்கும், கறுக்கும், அந்தக் கோடு நின்றுவிடும். வாய் பூசிய கூட்டுக்குள் இருந்தால் மட்டும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கெடாமல், வாடாமல். எதற்காகக் கெடாமல் வைத்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அதை அவள் நினைக்கவில்லை. துடிப்பை மட்டும் நினைத்தாள். நூற்று நாற்பத்தாறு.

கை மெதுவாக இறங்கியது. குளவி மேல் படாமல் நைட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே சுருட்டி, வயிற்றைத் திறந்து வைத்தாள்.

மண் தோலில் பட்டது. ஜில்லென்றிருந்தது. குளவி அதைத் தாடையால் அழுத்தி, வளையமாக இழுத்துப் பூசியது. பூசிவிட்டுப் பறந்தது. இன்னொன்று வந்தது, இன்னொரு உருண்டையோடு. அதற்குப் பின்னால் மற்றொன்று.

கதவு திறந்தது. கலியம்மாள் எட்டிப் பார்த்தாள். ஒரு நொடி பார்த்தாள். இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மணிமொழி கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தாள். மூச்சை மிக மிக மெதுவாக இழுத்து, மிக மிக மெதுவாக விட்டாள், வயிறு எழும்பித் தாழ்வதில் ஈர மண் விரிசல் விட்டுவிடாமல்.